லங்காவியில் ஏமாறாமல் திரிந்த கதை

அண்ணாமலை அடிவாரத்தில், செங்கம் சாலையில், ஆசிரமத்தைத் தாண்டி, வாடகைக்கு ஸ்கூட்டர் விடுகிறேன். வெளியூர்க்காரர் முகத்தைப் பார்த்தாலே அவர் எங்கள் ஊருக்கு வந்து எத்தனை நாள் ஆயிற்று என்று சொல்லிவிடுவேன். வந்த அன்று நாம் சொன்ன வாடகையைக் கொடுப்பார். ஒரு வாரம் போனால் பாதிக்குக் கேட்பார். ஒரு மாதம் போனால் எந்தக் கடையில் டீ மலிவு என்று நமக்கே சொல்லித் தருவார். இதையெல்லாம் வருஷக்கணக்காகக் கல்லாவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவனை எந்த ஊரிலும் யாரும் ஏமாற்ற முடியாது என்பது என் நம்பிக்கை. மனைவி மும்தாஜிடம் அதைப் பல தடவை சொல்லியும் இருக்கிறேன். அவள் டவுனில் ஒரு தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். பிள்ளைகள் பெரிதாக ஏதாவது அளந்தால் "சரி, போய் உக்காரு" என்று ஒரு தலையாட்டு வைத்திருக்கிறாள். எனக்கும் அதுவே கிடைத்தது.

பினாங்கில் ஓட்டல் வைத்திருக்கும் அவள் தம்பியின் மகளுக்குக் கல்யாணம். அதற்காகத்தான் போனோம். கல்யாணம் முடிந்து ஊருக்குக் கிளம்பலாம் என்றிருந்தபோது தம்பி விடவில்லை. "மச்சான், இவ்ளோ தூரம் வந்துட்டு லங்காவித் தீவ பாக்காம போனா எப்படி? ரூம்லாம் நான் பாத்துக்கறேன். ஆனா ஒண்ணு, அங்க எல்லாமே டூரிஸ்ட் ரேட்டு. பாத்து, ஏமாந்துடாதீங்க."

என்னிடம் போய் அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. மிச்சமிருந்த நாட்கள் முழுக்க எனக்கு அதுவே வேலையாகிவிட்டது.

மும்தாஜ் வேறு ஏதோ யோசனையில் இருந்தாள். கப்பலில் ஜன்னலோரம் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தவள், "இந்தத் தடவையாவது கடல்ல நல்லா எறங்கணும்ங்க" என்றாள். நாங்கள் கடல் பார்க்காதவர்கள் இல்லை. புதுச்சேரி, மாமல்லபுரம் எல்லாம் போயிருக்கிறோம். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது வருஷத்துக்கு ஒரு தடவை. நானும் பிள்ளைகளும் அலையில் விழுந்து புரள்வோம். அவள் கணுக்கால் தண்ணீரில், எல்லாருடைய செருப்பையும் போனையும் பையையும் பிடித்துக்கொண்டு நிற்பாள். நான் "எறங்கிட்டா போச்சு" என்றேன். சொல்லிவிட்டு, இறங்கியதும் டாக்சிக்காரர்களை எப்படிச் சமாளிப்பது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

படகுத்துறை வாசலிலேயே வெள்ளைச் சட்டை போட்ட டிரைவர் ஒருவர் சிரித்துக்கொண்டு பெட்டிக்குக் கை நீட்டினார். நான் பெட்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு வாசலில் முதலில் சிரிக்கிற ஆட்டோவில் ஏறுகிறவர் என்ன ஆவார் என்று எனக்குத் தெரியாதா? "கொஞ்ச தூரம் வெளிய நடந்துட்டா பாதி ரேட்டுக்கு வருவான், வா" என்று மும்தாஜை அழைத்துக்கொண்டு நடந்தேன். ரோடு அகலமாக, சுத்தமாக, ஆளே இல்லாமல் இருந்தது. வெயில் எங்கள் மலை வெயிலுக்குக் கொஞ்சமும் கம்மியில்லை. கூடவே வியர்வையும் சேர்த்துக் கொடுத்தது. பாதி வழியில் பெட்டியின் ஒரு சக்கரம் கழன்று சாக்கடைப் பக்கம் உருண்டது. அதைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு கார் வந்து நின்றது. அதே வெள்ளைச் சட்டை, அதே சிரிப்பு.

ஏறிக்கொண்டோம். கார் முன்னால் போகாமல் திரும்பியது. விஷயம் என்னவென்றால், அங்கே டாக்சிக்கு ஊர் முழுக்க ஒரே ரேட்டு. படகுத்துறைக்குள் இருக்கிற கவுண்டரில் சீட்டு வாங்கினால்தான் வண்டி எடுப்பார்களாம். கிளம்பிய இடத்துக்கே வந்து, இறங்கி, சீட்டு வாங்கிக்கொண்டு மறுபடி ஏறினோம்.

"நல்லா மிச்சம் புடிச்சீங்க" என்றாள் மும்தாஜ். சக்கரம் அவள் கையில் இருந்தது.

செனாங் கடற்கரையில் எங்கள் அறை. கதவைத் திறந்தால் தென்னைக்கு நடுவே கடல். மறுநாள் காலையில் முதல் வேலையாக ஸ்கூட்டர் எடுக்கப் போனேன். கடற்கரையிலேயே ஒரு தகரக் கூரை. முன்னால் வரிசையாக ஸ்கூட்டர். பின்னால் படகு, மீன், கழுகுப் படங்கள் போட்ட பலகை. கடைக்காரப் பெண்மணிக்கு என் வயதுதான் இருக்கும். தலையில் முக்காடு, முக்காட்டின் மேல் கறுப்புக் கண்ணாடி. பெயர் ரோஸ். எல்லாரும் "காக் ரோஸ்" என்று கூப்பிட்டார்கள். காக் என்றால் அவர்கள் பாஷையில் அக்கா. ஸ்கூட்டர் அவருடையது, படகு அவர் தம்பியுடையது.

நான் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். ஒவ்வொரு கீறலையும் போட்டோ எடுத்தேன். குனிந்து சைலன்சரையும் படம் பிடித்தேன். பிரேக்கைப் பிடித்துப் பார்த்து, கண்ணாடியைத் திருப்பிப் பார்த்து, சீட்டைத் தூக்கி உள்ளேயும் போட்டோ எடுத்தேன். பழைய கீறலைக் காட்டிப் புதுப் பணம் கேட்பது இந்தத் தொழிலில் எங்கேயும் நடக்கக் கூடியது.

காக் ரோஸ் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க போலீசா?" என்று கேட்டார். எங்கள் இரண்டு பேர் இங்கிலீஷும் கடையில் கற்ற இங்கிலீஷ். அதனால் நன்றாகவே புரிந்தது.

"இல்ல. எங்க ஊர்ல நானும் ஸ்கூட்டர்தான் விடறேன்."

அவர் உட்கார்ந்திருந்த ஸ்டூலை எனக்குத் தள்ளினார். நாள் வாடகை எவ்வளவு வாங்குகிறேன் என்று கேட்டார். நான் குறைத்துச் சொன்னேன். அவருக்கு மாதம் எவ்வளவு நிற்கும் என்று கேட்டேன். அவரும் குறைத்துத்தான் சொல்லியிருப்பார். இரண்டு பேரும் தலையாட்டிக்கொண்டோம்.

மும்தாஜ் எங்களைக் கவனிக்கவே இல்லை. கடலைப் பார்த்து நின்றாள். அங்கே நான்கைந்து பெண்கள் முழுக்கை உடையும் முக்காடுமாக, மேலே மிதக்கிறதுக்கான ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட் கட்டிக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் மிதந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். உடம்போடு ஒட்டாத ஏதோ துணி. தலையைத் தண்ணீரில் முக்கி எடுத்தாலும் முக்காடு அப்படியே இருந்தது.

"ஏங்க, அந்த டிரஸ் இங்க வாடகைக்குக் கெடைக்குமா?"

"கெடைக்கும்" என்று நான் சொல்வதற்குள் காக் ரோஸ் பலகைப் பக்கம் கையை நீட்டினார். தம்பியின் படகு தினமும் காலையில் தெற்கே ஒரு சின்னத் தீவுக்குப் போகிறது. தண்ணீர் அங்கே கண்ணாடி. முகத்துக்கு மூடி, மூச்சுக் குழாய், உடை எல்லாம் சேர்த்து ஒரு விலை.

விலையைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. முதல் கடையில் முதல் விலைக்கு ஒத்துக்கொள்கிறவன் யார்? "விசாரிச்சுட்டு நாளைக்குப் பாக்கலாம்" என்று மும்தாஜிடம் தமிழில் சொன்னேன். காக் ரோஸுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் அவருக்குப் புரிந்துவிட்டது. எங்கள் தொழிலில் அந்த வாக்கியம் எல்லா பாஷையிலும் புரியும்.

சாப்பாட்டுக்கும் எனக்கு ஒரு திட்டம் இருந்தது. கடற்கரை ஓட்டல்கள் எல்லாம் நம்மைப் போன்றவர்களுக்கு. உள்ளூர்க்காரர்கள் எங்கே வரிசையில் நிற்கிறார்களோ அங்கேதான் சாப்பிட வேண்டும். ஸ்கூட்டரை உள்ளே கிராமத்துப் பக்கம் விட்டேன். வயல், எருமை, வயலுக்கு நடுவே வீடுகள். அடி அண்ணாமலைப் பக்கம் போகிற மாதிரியே இருந்தது, எங்கள் மலை மட்டும் இல்லை. ஒரு வீட்டு முன்னால் பந்தல் போட்டு, நீளமாக மேசை போட்டு, நல்ல கூட்டம். எல்லாரும் உள்ளூர் முகம். "பாத்தியா?" என்றேன் மும்தாஜிடம். வரிசையில் நின்று தட்டை எடுத்துக்கொண்டோம்.

நெய்ச்சோறு, தேங்காய் போட்டுச் சுண்டக் காய்ச்சிய மாட்டுக்கறி, அன்னாசிப்பழத்தில் ஒரு புளிப்புப் பச்சடி, ரோஸ் நிறத்தில் சர்பத். நான் இரண்டாம் தடவையும் போட்டுக்கொண்டேன். மும்தாஜ் பாதியில் கையை நிறுத்திவிட்டாள். பக்கத்து மேசையில் பேசியது அவள் காதில் விழுந்திருந்தது.

"ஏங்க, 'கென்டூரி'ன்னு சொல்றாங்க."

"யாரு?"

"எல்லாரும். இது கடை இல்லங்க. கந்தூரி. யாரோ வீட்டு விருந்து."

எனக்கு வாயில் இருந்த சோறு அங்கேயே நின்றுவிட்டது. எழுந்து போய், தொப்பி போட்ட பெரியவர் ஒருவர் முன்னால் பர்சைத் திறந்துகொண்டு நின்றேன். அவர் பர்சைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே திரும்பி ஏதோ சத்தமாகச் சொன்னார். பந்தல் மொத்தமும் சிரித்தது. பக்கத்தில் இருந்த பையன் இங்கிலீஷில் சொன்னான்: "தாத்தா ஹஜ்ஜுக்குப் போறாரு. காசு வேணாம், துவா செய்யுங்கன்னு சொல்றாரு. இன்னும் கொஞ்சம் கறி எடுத்துக்கணுமாம்." கிளம்பும்போது மும்தாஜ் கையில் ஒரு வாழையிலைப் பொட்டலமும் கொடுத்தார்கள். அந்த வீட்டுப் பெண்கள் எல்லாரிடமும் அவள் கை கொடுத்து விடைபெற்றாள். நான் ஸ்கூட்டர் பக்கத்தில் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அந்தத் தீவில் எனக்குக் கிடைத்த ஒரே மலிவான சாப்பாடு அதுதான்.

அடுத்து, காசு கேட்காத இடமாகப் பார்த்து ஓர் அருவிக்குப் போனோம். மழை இன்னும் தொடங்காத மாதம். படியேறிப் போனால் பாறை இருந்தது. பாறையில் அருவி எந்த வழியாக விழும் என்று காட்டுகிற கறுப்புக் கோடு இருந்தது. இறங்கி வந்தபோது ஒரு குரங்கு ஸ்கூட்டரில் தொங்கிய வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. நான் எங்கள் ஊர்க் குரங்கை விரட்டுகிற மாதிரி "த்தோ" என்றேன். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதற்குத் தமிழ் பழக்கமில்லை.

பிறகு வரியில்லாத கடைகள். லங்காவியில் சாக்லேட்டும் கண்ணாடிப் பாத்திரமும் மலிவு என்று மும்தாஜின் தம்பி சொல்லியிருந்தான். மலிவுதான். மலிவாக இருந்ததால் எல்லாருக்கும் வாங்கினேன். எதிர்க்கடைக்காரருக்கு, மெக்கானிக்குக்கு, வீட்டு ஓனருக்கு. மூடி போட்ட கண்ணாடிப் பாத்திரம் ஒரு செட் ஊர் விலையில் பாதி என்றதும் அதையும் எடுத்தேன். அறைக்கு வந்து பார்த்தால், ஒற்றைச் சக்கரப் பெட்டிக்குள் எதுவும் போகவில்லை. திரும்பப் போய்ப் புதுப் பெட்டி ஒன்று வாங்கினேன். பெட்டி மட்டும் மலிவில்லை.

"படகுக்கு அந்தம்மா கேட்டதவிட இது ஜாஸ்தி ஆயிடுச்சு இல்ல?" என்றாள் மும்தாஜ், சாக்லேட்டை அடுக்கிக்கொண்டே. குரலில் கோபம் இல்லை. வீட்டுப் பாடம் சரிபார்க்கிற குரல்.

"அது செலவு. இது சாமான்" என்றேன். தலையாட்டு வந்தது.

அடுத்த நாள் கடற்கரையில் ஒரு கடை விடாமல் விசாரித்தேன். எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே விலைதான் சொன்னார்கள். எனக்கு அது இன்னும் சந்தேகத்தைத்தான் கொடுத்தது. சாயங்காலம் ஆகிவிட்டது. கடைசியாக ஒரு கடை தூரத்தில் இருந்தது. "இரு, அங்க மட்டும் கேட்டுட்டு வந்துடறேன்" என்று செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மணலில் ஓடினேன். திரும்பி வந்தபோது மும்தாஜ் கணுக்கால் தண்ணீரில் நின்றிருந்தாள். கையில் என் செருப்பு, என் போன், பை. சூரியன் இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "எவ்ளோ சொன்னான்?" என்றுகூடக் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடப் போய்விட்டு, வழியில் ரொட்டியும் பருப்புக் குழம்பும் கட்டிக்கொண்டு வந்தேன். அறை பூட்டியிருந்தது. வரவேற்பில் இருந்த பெண் சாவியைக் கொடுத்தாள். "மேடம் படகுல போறாங்களாம். உங்ககிட்ட சொல்லச் சொன்னாங்க. நீங்க நிதானமா விலை விசாரிச்சுட்டு வருவீங்கன்னும் சொன்னாங்க."

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அந்த விலைக்கா? பேரம்கூடப் பேசியிருக்க மாட்டாள். காக் ரோஸ் கடைக்குப் போனேன். படகு எப்போதோ போய்விட்டது. மதியத்துக்குள் வந்துவிடும் என்றார். ரொட்டிப் பொட்டலத்தோடு அவர் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

மதியத்துக்கு முன்னால் கடல் சாம்பல் நிறமாயிற்று. காற்று தகரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அப்புறம் மழை. அருவியில் பார்க்க முடியாத தண்ணீர் மொத்தமும் கடற்கரையில் விழுந்தது. படகுகள் ஒவ்வொன்றாகக் கரைக்கு வந்தன. ஆட்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடினார்கள். காக் ரோஸின் தம்பி படகு மட்டும் வரவில்லை. மும்தாஜ் போன் அணைந்திருந்தது.

"வந்துடுவாங்க. மழ பெஞ்சா தீவுக்குப் பின்னாடி ஒதுக்கி நிறுத்திடுவான்" என்றார் காக் ரோஸ்.

"நெஜமா சொல்லுங்க."

"உங்க கஸ்டமர் வண்டியோட வரவேண்டிய நேரத்துக்கு வரலேன்னா, கூட வந்தவங்ககிட்ட என்ன சொல்வீங்க?"

"வந்துடுவாங்க, டென்ஷன் ஆவாதீங்கன்னு சொல்வேன்."

"அப்புறம்?"

"அப்புறம் நான் உள்ள போயி டென்ஷன் ஆவேன்."

அவர் சிரித்தார். எனக்கு ஒரு டம்ளர் டீ ஊற்றிக் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் தகரத்துக்குப் பின்பக்கம் போனார். அங்கே தம்பிக்கு மறுபடி மறுபடி போன் போட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்துவிட்டேன்.

என் மனைவிக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது. பாதி வருஷம் ஏரி காய்ந்து கிடக்கிற ஊரில் அதற்கு அவசியம் வந்ததில்லை. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் என்னைக் கேட்டு நான் மறுத்தது என்று பெரிதாக எதுவும் கிடையாது. நான் எதையும் மறுப்பவன் இல்லை. பார்க்கலாம் என்பேன். மழை கடல் மேல் வெள்ளைச் சுவராக நின்றது. அதற்குப் பின்னால் ஏதாவது புள்ளி தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கண் எரிந்தது. டீ ஆறிப்போய், அதில் மழையும் விழுந்து, டம்ளர் நிரம்பிவிட்டது. யாராவது அந்த நேரத்தில் வந்து என்னிடம் என்ன விலை சொல்லியிருந்தாலும் கொடுத்திருப்பேன்.

மழை சட்டென்று விட்டது. அப்புறமும் நெடுநேரம் கழித்துத்தான் ஓர் இன்ஜின் சத்தம் கேட்டது. முதலில் கேட்டது காக் ரோஸ்தான். எழுந்து நின்று கண்ணாடியைக் கழற்றினார். படகு வந்தது. உள்ளே பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். ஆரஞ்சு ஜாக்கெட்டில் ஒருத்தி அவர்களோடு சேர்ந்து தப்பும் தவறுமாகக் கை தட்டிக்கொண்டிருந்தாள். என் மனைவி.

நான் முழங்கால் தண்ணீர் வரைக்கும் ஓடினேன். மும்தாஜிடம் என்ன பேசுவது என்று தெரியவில்லை. அதனால் படகு ஓட்டி வந்த தம்பியைப் பிடித்துக்கொண்டேன். "மனுஷனாய்யா நீ? வானத்தப் பாக்காமயா வண்டி எடுப்ப? ஒரு போன் பண்ண மாட்டியா? கூட வந்தவன் இங்க செத்துப் பொழைக்கறது உனக்குத் தெரியுமா?" கடற்கரை முழுக்கக் கேட்கிற மாதிரி, சுத்தத் தமிழ்நாட்டுத் தமிழில் கத்தினேன். ஒரு வார்த்தை புரியாமல் அவன் மும்தாஜைப் பார்த்தான்.

அவள் முக்காட்டைப் பிழிந்துகொண்டே இங்கிலீஷில் சொன்னாள்: "பத்திரமா கூட்டிட்டு வந்ததுக்கு நன்றி சொல்றாரு."

அவன் நெஞ்சில் கை வைத்து எனக்குத் தலை வணங்கினான். அதற்கு மேல் என்னால் கத்த முடியவில்லை. "சாப்ட்டியா?" என்றேன் அவளிடம். இல்லை என்றாள். நனைந்த ரொட்டிப் பொட்டலத்தை நீட்டினேன்.

அன்று முழுக்க அவள்தான் பேசினாள். படகில் வந்த பெண்கள் எல்லாரும் டீச்சர்களாம். அதில் ஒருத்தி மூன்றாம் வகுப்பாம். அங்கேயும் பிள்ளைகள் வாய்ப்பாட்டைத்தான் மறக்கிறார்களாம். மழையில் தீவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றபோது பயமாகத்தான் இருந்ததாம். ஆளுக்கொரு பாட்டுப் பாடியதில் பயம் போய்விட்டதாம். "தலைய உள்ள போட்டதும் சத்தமே இல்லங்க. இத்தன வருஷத்துல அவ்ளோ அமைதியா ஒரு எடத்துல நான் இருந்ததே இல்ல. மஞ்சள்ல கறுப்புக் கோடு போட்ட மீனு ஒண்ணு, மொகத்துகிட்ட வந்து நின்னு பாத்துட்டுப் போச்சு." சொல்லிவிட்டு, அந்த மீன் எப்படி நின்றது என்று தன் முகத்தை வைத்து எனக்குக் காட்டினாள். அப்போது அவளுக்கு அவளுடைய மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் முகம்.

"திரும்பிப் போற கப்பலுக்கு நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நேரம் இருக்கு இல்ல?" என்றேன்.

"விசாரிக்க வேணாமா?" என்றாள்.

காலையில் காக் ரோஸிடம் அவர் சொன்ன விலையை அப்படியே எண்ணிக் கொடுத்தேன். அவருக்குத்தான் கொஞ்சம் ஏமாற்றம். "டிஸ்கவுண்ட் கேக்கலியா?"

"கேட்டா குடுப்பீங்களா?"

"மாட்டேன். ஆனா கேக்கணும்."

தீவுப் பக்கம் தண்ணீர் நிஜமாகவே கண்ணாடிதான். தம்பி எனக்கு ஜாக்கெட்டைக் கட்டி, மூடியை மாட்டி, ஏணி வழியாக இறக்கிவிட்டான். நான் ஏணியின் கடைசிப் படியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றேன். பக்கத்தில் மிதந்தபடி மும்தாஜ் டீச்சராகிவிட்டாள். "கைய விடுங்க. விடுங்கன்னு சொல்றேன் இல்ல? வாயால மூச்சு விடுங்க. மூக்கால இல்ல, வாயால. நல்லா பண்றீங்க. இப்ப தலைய உள்ள போடுங்க."

முதல் தடவை பாதிக் கடலைக் குடித்துவிட்டேன். அடுத்த தடவையும்தான். அதற்கப்புறம் எப்படியோ மூச்சு பிடிபட்டது. கீழே வெளிச்சம் வலை வலையாக ஆடியது. மணலில் எங்கள் இரண்டு பேர் நிழல் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தது. அவள் கை என் கண்ணுக்கு முன்னால் வந்து ஒரு பக்கமாகக் காட்டியது. அவள் சொன்ன மஞ்சள் மீனோ, அதன் தம்பியோ, எங்களை யார் என்றே கேட்காமல் குறுக்கே போயிற்று.

படகிலிருந்து விசில் கேட்டு நிமிர்ந்தேன். நேரமாகிவிட்டதாம். நான் மூச்சுக் குழாயைக் கழற்றி, "இன்னும் அர மணி நேரம் இருக்கறதுன்னா எவ்ளோ?" என்று கேட்டேன். தம்பி யோசித்து ஒரு விலை சொன்னான்.

"சரி" என்றேன்.

"அர மணிக்கா?" மும்தாஜ் தண்ணீருக்குள் இருந்தபடியே படகு விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அநியாயத்துக்கு ஜாஸ்தி சொல்றாங்க. நீங்க சும்மா இருங்க, நான் பேசறேன்." ஒரு விரலை நீட்டி, நிறுத்தி நிறுத்தி, வகுப்பு எடுக்கிற இங்கிலீஷில் அவனிடம் கணக்குச் சொல்ல ஆரம்பித்தாள். அவனும் விடுகிற ஆளாகத் தெரியவில்லை.

நான் குழாயை வாயில் வைத்துத் தலையைத் தண்ணீருக்குள் போட்டுக்கொண்டேன். அங்கே எந்த விலையும் கேட்கவில்லை.